உப்புத் தண்ணீரில் போன கறை

எங்கள் வீட்டு பாத்ரூமில் யாராவது குழாயை முழுசாகத் திறந்தால் இப்போதும் எனக்குக் கை வேலை நின்றுவிடும். தோசை கருகினாலும் சரி, அப்படியே நின்று காது கொடுப்பேன். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்குள் இருமல் இருக்கிறதா என்று தேடுவேன். உள்ளே இருப்பது என் மகள்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த வீட்டில் இப்போது அவளையும் என்னையும் தவிர யாரும் இல்லை. ஆனாலும் கேட்பேன். சில நாள் இருமலும் கேட்கும். ஆம்பளை இருமல். ஓடிப்போய்க் கதவைத் தட்டுவேன். "இன்னாம்மா, சோப்பு போட்டுக்குனு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து அவள் கத்துவாள்.

என் கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. நுரையீரலில் நோய். உள்ளே அவர் கெட்டுக்கொண்டிருந்த மூன்று மாதமும் அதற்கான அடையாளம் தினமும் காலையில் என் கைக்கே வந்து சேர்ந்தது. அதை நான் தினமும் துவைத்துக் காயப்போட்டேன். பெருமைப்பட்டேன் வேறு. பேய் பிசாசுக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை நான். என்னைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது இதுதான்.

முதலில் எங்கள் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், ஒட்டினாற்போல் கட்டிய ஆறு வீடுகளில் நான்காவது எங்களுடையது. ஆறு வீட்டுக்கும் ஒரே போர்வெல். மோட்டார் போட்டதும் தண்ணீர் கண்ணாடி போலத்தான் வரும். அரை மணி நேரம் வாளியில் நிற்கட்டும், அப்புறம் பாருங்கள் கூத்தை. மேலே ஒரு படலம் மினுக்கும், அடியில் சிவப்பாகப் பொடி படியும். இரும்பு. இந்தப் பக்கத்து மண்ணே அப்படித்தான் என்பார் ஒருவர், அதெல்லாம் பின்னால் வந்தது என்பார் இன்னொருவர். அந்த ஆராய்ச்சி எனக்கெதற்கு? கல்யாணத்துக்கு ஊத்துக்கோட்டைப் பக்கத்து அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த ஆறு வெள்ளை டர்க்கி டவலும் மூன்றாம் மாதமே டீ வடிகட்டிய துணி போல ஆயின. அதுதான் எனக்குத் தெரியும்.

வந்த புதுசில் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். டவல் பழுப்பாகிறதே என்று ஒரு கரண்டி ப்ளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து முக்கினேன். எடுத்துப் பார்த்தால் காவி. சாமியார் வாங்கிக் கட்டிக்கொள்ளலாம், அப்படி ஒரு காவி. இந்தத் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் இரும்பை விரட்டாது, துணியிலேயே பிடித்து உட்கார வைத்துவிடும். எங்கள் வரிசைக்குக் குடிவந்த எந்தப் பெண்ணும் முதல் மாதம் இதைச் செய்யாமல் விட்டதில்லை. கொடியில் காவித் துண்டு தொங்கினால் புதுக் குடித்தனம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் சட்டம் போட ஆரம்பித்தேன். துண்டு துவைக்கிற தண்ணீரை முதல் நாளே நீல டிரம்மில் பிடித்து, படிகாரத்தை நாலு சுற்றுச் சுற்றி, தெளியவிட்டு, மேல்தண்ணீரை மட்டும் மொண்டு எடுக்க வேண்டும். அடியைக் கலக்கினால் தொலைந்தார்கள். கம்பிக் கொடியில் ஒரு துணி போடக் கூடாது, நைலான் கயிறுதான். மஞ்சள் பூசிக் குளிக்கிற வெள்ளிக்கிழமைக்கு ஒரு மெரூன் துண்டு. தலைக்கு டை அடித்தால் அதற்கென்று ஒரு பழைய கறுப்பு லுங்கி. ஈரத் துண்டைச் சுருட்டிக் கதவு மேல் எறிந்தால் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சைப் புள்ளி விழும், அது எதற்கும் மசியாது. எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டால் இரும்புக் கறை கொஞ்சம் வெளுக்கும், ஆனால் நாலு தடவையில் நூல் நைந்துவிடும். இவ்வளவும் செய்து பார்த்தும் வருஷத்துக்கொரு தடவை துண்டுகளைக் கால்மிதியாகப் போட்டுவிட்டு, மறுபடி வெள்ளைதான் வாங்குவேன். ஏன் மெரூன் வாங்கித் தொலைக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். கறை தெரியாத துண்டும் சுத்தமான துண்டும் ஒன்றா? எனக்கு வாய் நீளம். முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி கம்பெனியில் வேலை. உலைப் பக்கம். வேலையிலிருந்து வந்தால் வேர்வையே கறுப்பாக வரும். அதனால் அவருக்கு மட்டும் தனிச் சட்டம். குளித்துவிட்டு வெளியே வருவதற்குள் அவர் துண்டை அவரே இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து வாளி ஓரத்தில் போட்டுவிட வேண்டும். கரித் துண்டு நேராக என் கைக்கு வரக் கூடாது. பதினெட்டு வருஷம் ஒரு நாள் தவறாமல் செய்தார். அதிகம் பேசமாட்டார். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் "சரிம்மே" என்பார். அதிலேயே எங்கள் குடும்பம் ஓடியது.

அவர் இறந்த வருஷம் ஆவணி மாதம் ஒரு காலையில் அவர் துண்டு அலசாமல் கிடந்தது. குளித்த பிறகு தோளில் போட்டுக்கொள்வாரே, அந்தச் சின்ன வெள்ளைத் துண்டு. பந்து போலச் சுருட்டி, துவைக்கிற வாளிக்குள் மேலாகவே வைத்திருந்தது. பிரித்தேன். நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இன்னாய்யா, கை ஒடஞ்சி பூட்ச்சா? அலச மாட்டியா? டிரம்மோட அடித் தண்ணியில முக்கி எடுத்தியா இத?"

அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்றிருந்தார். என்னையே பார்த்தார். "மறந்துட்டேன்மே" என்றார். கம்பெனி பஸ் வருகிற நேரம். ஆனாலும் உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றார். "இன்னா நிக்கிற, பஸ்ஸு பூடும்" என்று நான்தான் விரட்டினேன்.

அதற்கு முந்தின நாள்தான் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தாள். பழவேற்காட்டுப் பக்கம், மீன் கூடையோடு வந்தவள். எந்தக் கறையானாலும் சோப்புப் போடுவதற்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் ரெண்டு கை கல்லுப்பைப் போட்டு ஊறவை, தன்னால் விட்டுவிடும் என்றாள். சரி, பார்ப்போமே என்று அவர் துண்டை ஊறப்போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து கசக்கினேன். அடேயப்பா! கறை கரைந்து தண்ணீரோடு போகிறது. தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது. இரும்பே இறங்கி ஓடுகிறது என்று நினைத்தேன். துண்டு பாலாக வெளுத்தது.

பதினெட்டு வருஷம். பதினெட்டு வருஷமாக அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளும் அவர் அலசாமல் போட்டிருந்தார். அன்றைக்கு ஊறப்போடுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, காய்ந்த பிறகு ஒரு போட்டோ எடுத்தேன். இரண்டையும் சேர்த்து என் போனில் ஸ்டேட்டஸ் வைத்தேன். கீழே, "நம்ம ஊர் தண்ணிக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சு" என்று எழுதினேன். அன்று முழுக்க யார் யார் பார்த்தார்கள் என்று எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் அன்றைக்கே கல்லுப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் கழித்துத் துண்டோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, இன்னாக்கா இது பேஜாரு. ஒரு பாக்கெட் உப்பும் பூட்ச்சு. கறை அப்டியே கீது. உன் ஊட்டுல மட்டும் எப்டிக்கா போவுது?"

"கசக்குற கையில தெம்பு வேணும்டி" என்றேன். "போன வச்சிக்குனு ஒக்காந்து இருந்தா போவுமா?"

அவள் முகம் சுருங்கிப் போனாள். அவள் கையில் இருந்த துண்டை நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரும்புத் தண்ணீர்க் கறை துண்டு முழுக்கச் சீராக ஏறும், தொட்ட இடமெல்லாம் மஞ்சளாக இருக்கும். அவர் துண்டில் இருந்தது நடுவில் மட்டும். வாயைப் பொத்துகிற இடத்தில் மட்டும். என் துண்டும் மகள் துண்டும்கூட அந்த உப்புத் தண்ணீரில் வெளுக்கவில்லை. அது பழைய கறை, இது புதுக் கறை, அதனால்தான் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். துணியைத் தொட்டே கறையின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டவள். ரத்தக் கறை பச்சைத் தண்ணீரில் போகும், உப்பு போட்டால் இன்னும் சீக்கிரம் போகும். இது எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? வயசுக்கு வந்த நாளிலிருந்து எனக்கும் தெரிந்ததுதானே? ஆனால் எங்கள் ஊரில் சிவப்பாக எதைப் பார்த்தாலும் புத்தி முதலில் தண்ணீரிடம்தான் போகும். அப்படிப் பழகிவிட்டது.

இருமல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. எங்கள் பக்கம் இருமாதவர் யார்? லாரி போனால் புழுதி, காற்றடித்தால் கரி. காலையில் தெருவே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் எழுந்திருக்கும். அவரும் இருமினார். அப்புறம் பாத்ரூமுக்குள் போனதும் குழாயை முழுசாகத் திறந்துவிட ஆரம்பித்தார். வாளி நிரம்பி வழிந்து ஓடும். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்.

"குழாய மூடுய்யா! டேங்க்கு காலியாவுது! மோட்டார் உங்கப்பன் ஊட்டுதா?"

தண்ணீர் கொஞ்சம் குறையும். பிறகு மறுபடி வேகமாக விழும். எதற்காக என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை என்று பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். உலைச் சூட்டில் உருகிவிட்டாய் என்று கேலி செய்தேன். இரண்டாவது ஓட்டையும் நானே போட்டேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் மூன்று பேரும் இருந்தோம். வெளியே மழை. இட்லி வைத்துக் கொடுத்தேன். முதல் வாய் எடுத்தவர் இருமினார். நிற்கவில்லை. கையை வைத்து மறைத்தார், விரல் இடுக்கில் வழிந்து தட்டில் சொட்டியது. இட்லி சிவப்பானது. மகள் அலறினாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு அவரைத் தாங்கிப் பிடித்தேன்.

ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டாள்.

"ரத்தம் எத்தனை நாளா வருதுங்கய்யா?"

"இன்னிக்கித்தான். நேத்து லேசா" என்றார்.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு எல்லாம் சேர்ந்து வந்து விழுந்தது. வாளியில் ஓடிய ரோஸ் தண்ணீர், உள்ளங்கை அகலக் கறை, திறந்துவிட்ட குழாய். பையிலிருந்து போனை எடுத்தேன். ஸ்டேட்டஸ் வைத்த அந்தத் துண்டுப் படத்தைத் தேடி எடுத்து டாக்டரிடம் நீட்டினேன். முதல் படத்தை அவள் விரலால் பெரிசாக்கிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள்.

"இது ரத்தம்னு உங்களுக்குத் தெரியலையாம்மா?"

"தண்ணின்னு நெனச்சேன் டாக்டரம்மா. எங்க ஊரு தண்ணி இப்டித்தான் கறையாவும்."

அவள் எதையோ சொல்ல வந்தாள். "அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். காசநோய், மாத்திரை இருக்கிறது, இலவசமாகவே கொடுக்கிறோம், ஆனால் ஒரு பக்கம் அநேகமாகப் போய்விட்டது, உலைத் தூசியும் உள்ளே இருக்கிறது என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள். எனக்கும் மகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்னபோது யாராவது என்னை அறைந்தால் தேவலை என்று இருந்தது.

சேர்த்த பதினாறாவது நாள் அவர் போய்விட்டார்.

அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. அழிக்க முடியவில்லை. மகள் ஒரு தடவை அழிக்கப் பார்த்தாள், அவளைப் பளாரென்று அறைந்துவிட்டேன். வளர்ந்த பெண், கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை. அவளுக்கு என் தொல்லை பெரிய தொல்லைதான். தினமும் அவள் துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் லிப்ஸ்டிக், ஒரு நாள் குங்குமம். "இது இன்னாடி, இது இன்னாடி" என்று கேட்டுக் கேட்டு அவள் உயிரை எடுக்கிறேன்.

வரிசையில் இப்போது எல்லாரும் மெரூன், கரும்பச்சை என்று மாறிவிட்டார்கள். துண்டில் கறை தெரியாமல் இருக்க என்ன செய்யலாம் என்று இன்னமும் என்னிடம் வந்து கேட்கிறவர்கள் உண்டு. பழைய சட்டங்களையெல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன், டிரம், படிகாரம், நைலான் கயிறு என்று. ஆனால் வெள்ளையே வாங்குங்கள், துவைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள் என்கிறேன். இவளுக்குக் கிறுக்கு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம்கூட நான் எப்படியோ ஜீரணித்துக்கொண்டிருப்பேன். என் வாய்க்குப் பயந்து மறைத்துவிட்டார், நான் ஒரு முட்டாள், கவனிக்கவில்லை என்று அழுது தீர்த்திருப்பேன். என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. மகளிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்து நாள் இருக்கும். மதியம். மருந்து ஏறி அவருக்குக் கொஞ்சம் தெளிவாக இருந்தது. ஈரத் துணியால் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேவிட்டேன்.

"ஏன்யா எங்கிட்ட சொல்லல? நான் இன்னா உன்ன கடிச்சா துன்னுட்டு இருப்பேன்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"சொல்லணும்னுதான்மே இருந்துச்சு. வாய் வர்ல. எங்கப்பனும் இதே மாரி இருமிக்கினுதான் செத்தாரு. சொன்னா நெசமாப் பூடும்னு ஒரு பயம். பொண்ணு காதுல வுழக் கூடாதுன்னு குழாயத் தொறந்து வுட்டு இருமுனேன்."

"அதுக்குன்னு?"

"அதான் துண்ட அலசாம போட்டேன்."

எனக்குப் புரியவில்லை. "இன்னாது?" என்றேன்.

"மொத ரெண்டு நாளு அலசிட்டேன். உடனே பூட்ச்சு, ஒண்ணுமே தெரியல. அப்புறந்தான் தோணுச்சு. நீ ஒரு பொட்டு கறைய வுட மாட்டியே. இத பாத்தா ஓடியாந்து ‘இன்னாய்யா இது’ன்னு கேப்ப. கேட்டா சொல்லிர்லாம்னு வாசல்ல நின்னேன். நீ பஸ்ஸு பூடும்னுட்ட. அதுக்கப்புறமும் தெனம் அலசாமத்தான் போட்டேன். நீயும் தெனம் தொவச்சித் தொவச்சி மாட்டிட்ட. எம்மாம் சந்தோஷமா இருந்த."

சொல்லும்போது அவர் முகத்தில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டார்.

மூன்று மாதம் அந்த மனிதர் தினமும் காலையில் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கேட்டிருந்தால் போதும்.